பக்கிங் மெஷினைக் கோணாமல் கொண்டுவந்து தந்த சேவை: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

வெளிநாட்டிலிருந்து மெஷின் வாங்குவது இப்போது பெரிய வேலை இல்லை. படம் பார்த்து, வீடியோ கேட்டு, விலை பேசி, வங்கியில் பணத்தைக் கட்டினால் சரி. அந்த மெஷின் கோணாமல், நனையாமல், ஆணி கழலாமல் திருகோணமலையில் நம் வாசலில் வந்து இறங்க வேண்டுமே, அதுதான் வேலை. எங்கள் ஆலைக்கு மிளகாய்த்தூளும் குரக்கன்மாவும் பக்கட் போடுகிற மெஷின் ஒன்றைச் சீனாவின் போஷானிலிருந்து எடுத்துத் தந்த கொழும்புச் சேவை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் அவர்களின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யவில்லை என்று விபரமாகச் சொல்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஏஜென்டை அதை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த மெஷினையும் அவர்களிடமே கொடுப்பேன். விலை சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டார்கள், அதனால்.

இதற்கு முன் ஒரு சீலிங் மெஷினை வேறொருவர் மூலம் எடுத்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, எத்தனை கிலோ என்று. விலையும் உடனே சொன்னார், மலிவாகவும் சொன்னார். வந்தபோது பெட்டி படுத்திருந்தது, அதன்மேல் யாருடையவோ லொறி டயர்கள் அடுக்கியிருந்தன. பெல்ட் ஓடுகிற சட்டம் வளைந்துபோய், அந்த மெஷின் ஒருநாளும் நேராக ஓடவில்லை. கேட்டதற்கு, பெட்டியில் உடையும் பொருள் என்று எழுதியிருக்கவில்லையே என்று பதில் வந்தது. அந்த மனவருத்தம் இருந்தபடியால்தான் இந்த முறை நான்கைந்து இடத்தில் விசாரித்தேன்.

இவர்களிடம் பேசியது ஒரு தம்பி. குரலில் அவசரமே இல்லை. "அக்கா, மெஷின் நிண்ட வாக்கிலதான் வரவேணுமா, படுக்க வைக்கலாமா? மேல் பக்கம் பாரமா, கீழ் பக்கம் பாரமா? உள்ளுக்கு கியர் ஒயில் இருக்கா? பெட்டரி இருக்கா? திகதி அடிக்கிற பிரின்டர் கூட வருதா, வந்தா மை போத்தல் எங்க வைக்கப் போறாங்க? உங்கட வாசலுக்கு லொறி வருமா? இறக்க போர்க்லிப்ட் இருக்கா?" இவ்வளவும் கேட்டுவிட்டு, விற்பனையாளரிடமிருந்து அளவு போட்ட வரைபடத்தையும் கட்டலொக்கையும் வாங்கி அனுப்புங்கள், பிறகு விலை சொல்கிறேன் என்றார். மற்ற இடங்களில் வாட்ஸ்அப்பில் உடனே விலை வந்தது. இவர்களின் விலைக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் அந்த வரைபடத்தை வைத்து அவர் சரிசெய்த விஷயம் இன்வொய்ஸ். விற்பனையாளர் "உணவு மெஷின், 1 செட்" என்று எழுதியிருந்தார். சுங்கத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு, எச்.எஸ். கோட் என்பார்கள். உணவு மெஷின் என்று போட்டால் அது 8438 பக்கம் போய்விடும். மா பிசைகிறது, இறைச்சி வெட்டுகிறது போன்றவற்றின் இடம் அது. பக்கிங் மெஷின்களுக்கு 8422. அதிலும் போத்தல், டின், பை என்று நிரப்பி, மூடி, ஒட்டி, லேபல் போடுகிறவை 8422.30. சுற்றிப் பொதிகிறவை, சூட்டில் சுருங்குகிற பிலிம் போடுகிறவை உட்பட, 8422.40. இவற்றுக்கே உரிய உதிரிப்பாகங்கள் 8422.90. பாத்திரம் கழுவும் மெஷினும் இதே 8422 தலைப்புக்குள்தான் வருகிறது. ஆகவே மெஷின் என்று வெறுமனே எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

எங்களுடையது மூன்று துண்டு. பிலிமைப் பையாக மடித்து ஒட்டுகிற மெஷின் ஒன்று. அதற்கு மேல் நின்று தூளை அளந்து கொட்டுகிற ஓகர் ஒன்று. திகதி அடிக்கிற சின்ன இங்க்ஜெட் ஒன்று. முதல் இரண்டும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கிறபடியால் ஒரே தொகுதியாகக் காட்டலாம், சுங்க அட்டவணையின் 16ஆம் பிரிவு 4ஆம் குறிப்பு அதற்கு இடம் தருகிறது என்று தம்பி விளக்கினார். பிரின்டர் 8443இல் தனி வரியாகப் போயிற்று. பெட்டிக்குள் மேலதிகமாக வைத்திருந்த ரப்பர் பெல்ட்டுகளைக்கூட அவர் விடவில்லை. அவை 40ஆம் அத்தியாயம், தனியாக எழுதுங்கள் என்றார். எண்ணை முடிவு செய்வது கடைசியில் சுங்க அதிகாரிதான். ஆனால் இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், கட்டலொக் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் அவருக்கும் சந்தேகம் வராது, சரக்கும் கிடங்கில் கிடந்து வாடகை ஏறாது. வரியைக் கணக்கிடுவது பொருளின் விலையோடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு. 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டுமே 18 வீதம். எண்ணை மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு திருத்துவது எவ்வளவு தலையிடி என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இங்கே வேறொரு வகைப்படுத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஷின் அனுப்புவது எப்படி என்று இணையத்தில் தேடினால் வருகிற பக்கங்களில் பாதி பிரெய்ட் கிளாஸ் என்பதைப் பற்றித்தான் பேசும். 50இல் தொடங்கி 500 வரை 18 வகுப்புகள். அது அமெரிக்காவுக்குள் லொறியில் பகுதிச் சரக்கு அனுப்புவதற்கான முறை. நம்முடைய இறக்குமதிக்கு அது பொருந்தாது, அதை வைத்து யாரும் உங்களிடம் கூலி கேட்கவும் மாட்டார்கள். ஆனால் அதன் அடிப்படை இங்கும் ஒன்றுதான்: எடைக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது?

எங்கள் பெரிய பெட்டியையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். விற்பனையாளர் முதலில் சொன்ன அளவு 1.45 மீட்டர் நீளம், 1.15 அகலம், 1.75 உயரம். 460 கிலோ. கன அளவு 2.92 கன மீட்டர். கொள்கலனைப் பலரோடு பங்குபோட்டு எடுக்கிற எல்.சி.எல். முறையில் 1 கன மீட்டரையும் 1000 கிலோவையும் சமமாக வைத்து, எது கூடுதலோ அதற்குக் கூலி எடுப்பார்கள். ஆகவே 460 கிலோவை யாரும் பார்க்கப் போவதில்லை, 2.92க்குத்தான் காசு. விமானத்தில் என்றால் 1 கன மீட்டரை 167 கிலோவாக எடுப்பார்கள், அப்போது அதே பெட்டி 487 கிலோவாகக் கணக்காகும். தம்பி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, உச்சியில் நிற்கிற சிக்னல் விளக்கையும் அதன் கம்பத்தையும் கழற்றி உள்ளே வைத்தால் உயரம் குறையுமே என்று கேட்டார். விற்பனையாளர் கழற்றினார். உயரம் 1.60 ஆயிற்று, கன அளவு 2.67 ஆயிற்று. கால் கன மீட்டர் கூலி மிச்சம். அதைவிடப் பெரிய ஆதாயம், நீட்டிக்கொண்டு நின்று முறியக்கூடிய ஒரு பாகம் பத்திரமாக உள்ளே போயிற்று. அமெரிக்கக் கணக்கில் பார்த்தாலும் கன அடிக்கு 9.8 இறாத்தல் என்றிருந்தது 10.8 ஆகி, அடர்த்தி அளவுகோலில் வகுப்பு 100இலிருந்து 92.5க்கு இறங்கியிருக்கும். எந்த ஊர் முறையானாலும் வெற்றிடத்துக்குக் கூலி கொடுக்காமல் இருப்பதுதான் கெட்டித்தனம்.

மை போத்தல் விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் சாதாரணமாக எடுக்கக் கூடாது. விற்பனையாளர் அன்பாக, இரண்டு போத்தல் மையும் கரைப்பானும் இலவசமாக மெஷின் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன் என்றார். அந்த மை சட்டென்று காய்வதற்காக அதில் எம்.இ.கே. என்ற கரைப்பான் கலந்திருக்கும். அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கிற ஆவியை விடுகிற சாமான் அது. தீப்பற்றும் அச்சு மை ஐ.நா. எண் 1210, ஆபத்தான சரக்கில் 3ஆம் வகுப்பு. அறிவிக்காமல் மெஷினுக்குள் வைத்தால் கப்பலில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்ததை நாங்கள் மறக்க முடியுமா? அதில் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்த கொள்கலன் இருந்தது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த நாடு இது. இந்தத் தம்பி தெளிவாகச் சொன்னார், மை வேண்டாம், கொழும்பில் வாங்கிக்கொள்ளுங்கள், வைத்தால் நான் சரக்கை எடுக்க மாட்டேன் என்று. வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை என்று நிற்கிற அந்த உறுதி எனக்குப் பிடித்தது.

மரப் பெட்டி விஷயத்திலும் அதே கண்டிப்பு. பச்சைப் பலகைக்குள் பூச்சி இருந்தால் அது நாடு விட்டு நாடு போய் மரங்களை அழித்துவிடும். அதனால் கட்டைப் பலகையால் செய்த பெட்டிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கியிருக்க வேண்டும், அதற்கு முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுப் பலகைக்கு இது தேவையில்லை. விற்பனையாளர் ஒட்டுப் பலகைப் பெட்டி என்று சொல்லிப் படம் அனுப்பினார். தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடியில் வைத்திருக்கிற குறுக்குக் கட்டைகள் ஒட்டுப் பலகை இல்லையே, அவற்றில் முத்திரையைக் காணோமே என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்த படத்தில் கட்டையின் பக்கவாட்டில் கதிர்க் குறியும், நாட்டின் குறியீடும், சூடாக்கியதற்கான எச்.டி. எழுத்தும் தெளிவாக இருந்தன. பெட்டி இங்கே வந்தபிறகு நானும் குனிந்து பார்த்தேன், இருந்தது.

பெட்டிக்குள் எப்படிக் கட்ட வேண்டும் என்று விற்பனையாளருக்கு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்பினார்கள். இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தக் குறிப்புத்தான். மெஷின் அதன் மட்டம் பார்க்கும் திருகுக் கால்களில் நிற்கக் கூடாது, சட்டமே அடிக் கட்டையில் உட்கார்ந்து போல்ட்டில் இறுக வேண்டும். திருகுக் கால்களில் நின்றால் முதல் குலுக்கிலேயே கால் வளையும். ஒட்டுகிற இரண்டு தாடைகளுக்கும் நடுவே கட்டை வைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வரும். பிலிமைப் பையாக மடிக்கிற கொலர் தனியாகக் கழன்று தனிப் பெட்டியில் வர வேண்டும். இந்தக் கொலரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெல்லிய துருவேறா உருக்கில் வளைத்த கழுத்துப் பட்டி மாதிரி இருக்கும். அதன் விளிம்பில் ஒரு சின்ன நெளிவு விழுந்தாலும் பிலிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், எத்தனை தரம் மட்டம் வைத்தாலும் பை கோணல்தான். ஓகரின் திருகு அச்சும் கழன்று வர வேண்டும். பெயின்ட் இல்லாத இரும்புப் பரப்பெல்லாம் எண்ணெய் பூச வேண்டும். முழு மெஷினையும் அலுமினியத் தாள் பையில் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொதிகளும் வைத்து, காற்றை உறிஞ்சி ஒட்ட வேண்டும். இரும்புக் கொள்கலன் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது கூரையின் உட்பக்கம் வியர்த்து மழைபோலச் சொட்டும். வெறும் பொலித்தீன் சுற்றினால் அந்த ஈரம் உள்ளே நின்றுவிடும்.

வெளியே அம்புக்குறி, கிண்ணம், குடை ஆகிய அடையாளங்களோடு பாரத்தின் மையம் எங்கே என்கிற குறியும் போடச் சொன்னார்கள். மெஷினின் மின்பெட்டி ஒரு பக்கத்தில் இருந்தபடியால் மையம் பெட்டியின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருந்தது. தூக்குகிறவனுக்கு இது தெரியாவிட்டால் பெட்டி ஊசலாடும். இரண்டு பெட்டியிலும் சரிவு காட்டி ஒட்டியிருந்தார்கள், பெட்டி சாய்ந்தால் சிவப்பாகிவிடும் சின்ன வில்லை.

காப்புறுதி பற்றியும் சுருக்கமாக. விற்பனையாளர் சி.ஐ.எப்., அதாவது கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்த விலை, என்று சொன்னால் அதில் அவர் எடுத்துத் தர வேண்டிய காப்புறுதி குறைந்தபட்சமான சி பிரிவுதான். கப்பல் மூழ்கினால், எரிந்தால் கிடைக்கும். ஏற்றி இறக்கும்போது விழுந்து நெளிந்தால் பெரும்பாலும் கிடைக்காது. இவர்கள் எப்.ஓ.பி.யில், அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையில், வாங்கச் சொல்லி, காப்புறுதியைக் கூடுதலான சேதங்களை ஏற்கிற ஏ பிரிவில், போஷான் கிடங்கிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் எடுத்துத் தந்தார்கள். ஏ பிரிவிலும் ஒரு விலக்கு உண்டு, பொதி போதாமல் இருந்து சேதமானால் காசு இல்லை. அந்த ஒரு பக்கக் குறிப்பும் பெட்டி மூடுமுன் எடுத்த படங்களும் அப்போதுதான் உதவும்.

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு ஆதங்கம் எப்போதும் உண்டு. உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று வீட்டு வாசலில் கிடக்கிறது. ஆனால் இங்கே வருவது கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எரிபொருள் என்று மொத்தச் சரக்கு. கொள்கலன் எல்லாம் கொழும்புக்குத்தான். நம் பெட்டி கொழும்பில் இறங்கி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று தரை வழியாக 260 கிலோமீட்டர் அளவில் வர வேண்டும். கடலில் பட்ட குலுக்கலைவிட இந்த வழியில் படுகிறது கூடவாகவும் இருக்கலாம்.

லொறி விஷயத்தில் இவர்களுக்கு முழுப் புள்ளி தருகிறேன். நம்மூர் லொறிகளில் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, அதற்கு மேல் படங்கு போர்த்தினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 2014இல் வந்த சரக்கு ஏற்றும் சர்வதேசக் கோவை, வீதியில் போகும் சரக்கு முன்பக்கமாக அதன் எடையின் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கு விசையையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 460 கிலோப் பெட்டி என்றால் யானையைக் கண்டு சாரதி பிரேக்கை அழுத்தும் நேரத்தில் 370 கிலோ அளவு விசை முன்னே தள்ளும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே யானை என்பது வெறும் பேச்சில்லை, அந்த வழியால் போகிற எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பெட்டியை லொறியின் முன்தடுப்போடு ஒட்டி வைத்து, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, ரெச்சட் பெல்ட்டால் கட்டி, பெல்ட் பலகையை வெட்டாமல் இருக்க மூலைகளில் தடுப்பும் வைத்திருந்தார்கள். ஹபரணையை இருட்டுமுன் தாண்ட வேண்டும் என்று சாரதிக்குச் சொல்லியிருந்தார்களாம். வாடைக் காலம் தொடங்கி மழை பிடித்திருந்த நேரம் அது. மூடிய லொறியைத்தான் அனுப்பினார்கள், அதற்கு மேலதிகக் காசும் கேட்கவில்லை.

எங்கள் ஆலை பாலையூற்றுப் பக்கம், ஒழுங்கை ஒடுக்கம். தம்பி முன்கூட்டியே வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்திருந்தபடியால் பெரிய லொறி வரவில்லை. இறக்க போர்க்லிப்ட் இல்லாததால் இங்கேயே ஒரு பூம் லொறி பிடித்தோம். பூம் லொறிக்காரர் வழக்கம்போலப் பெட்டியின் தலைப்பக்கமாகப் பட்டியைச் சுற்றப் போனார். லொறியோடு வந்த சாரதி, சின்னப் பொடியன்தான், ஓடிவந்து, அண்ணை, அடிக் கட்டைக்குக் கீழால போடுங்க, மேல் பலகை அமர்ந்திடும் என்று நிறுத்தினார். மையக் குறியைக் காட்டி, அதற்கு நேரே கொக்கி வரும்படி பட்டியை இழுத்து வைத்ததும் அவர்தான். பெட்டி ஆடாமல் அசையாமல் எழும்பியது.

பிறகுதான் கண்டோம், சின்னப் பெட்டியில், ஓகர் இருந்ததில், சரிவு காட்டி சிவப்பு. சாரதியின் முகம் வெளிறிப்போயிற்று. கடைசியாகக் கை வைத்தவன் தலையில் பழி விழுவது நம்மூர் வழக்கம். நான் விநியோகத் துண்டில் கையொப்பம் வைக்குமுன், சரிவு காட்டி சிவப்பு, பெட்டி திறந்து பார்க்கப்படவில்லை என்று எழுதி, படம் எடுத்து, அவரிடமும் கையொப்பம் வாங்கினேன். நல்ல நிலையில் கிடைத்தது என்று அச்சடித்த துண்டில் அப்படியே கையொப்பம் வைக்காதீர்கள். பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும். கப்பல் ஆவணங்களில் வெளியே தெரியாத சேதத்தை 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றுதான் வழக்கமாக இருக்கும், ஆகவே பெட்டியைத் திறக்காமல் மூலையில் வைத்துவிட்டு நல்லநாள் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது.

கொழும்புக் கிடங்கில் கொள்கலனைத் திறந்தபோது இவர்களின் ஆள் எடுத்த படங்கள் அன்று பின்னேரமே வந்தன. அவற்றில் அந்த வில்லை ஏற்கெனவே சிவப்பு. ஆக, சாய்ந்தது கொழும்புக்கு முன்னால் எங்கேயோ. அந்தப் பொடியனுக்குப் படத்தைக் காட்டியபோது அவர் விட்ட மூச்சை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். கொள்கலன் திறக்கும்போது படம் எடுப்பது சின்ன வேலை, ஆனால் அதை ஒவ்வொரு முறையும் செய்கிறவர்கள் குறைவு. உங்கள் ஏஜென்ட் செய்வாரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பெட்டியைத் திறந்தோம். பெரிய மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. தாடைக் கட்டை அப்படியே இருந்தது, கொலர் அதன் தனிப் பெட்டியில் ஒட்டுப் பலகையோடு போல்ட் போட்டு வந்திருந்தது, அலுமினியத் தாளைக் கிழித்தபோது உள்ளே எண்ணெய் வாசம்தான், துரு இல்லை. ஓகரில் மட்டும் தூளின் மட்டம் பார்க்கும் சென்சரைப் பிடிக்கிற தகடு முறுகியிருந்தது. இங்கே லேத் பட்டறையில் அதேபோல ஒன்றை 304 தர உருக்கில் செய்து போட்டோம். காப்புறுதிக்கு எழுதுகிற அளவு பெரிய தொகை இல்லை. பட்டறைச் சிட்டையை அனுப்பினேன், சேவைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் தங்கள் பில்லில் கழித்துவிட்டார்கள். மின்சாரம் கொடுக்குமுன் மின்பெட்டிக்குள் இருக்கிற எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள் என்றும் தம்பி சொல்லியிருந்தார். எங்கள் எலக்ட்ரீஷியன் இறுக்கினார், மூன்று இடத்தில் வயர் இளகியிருந்தது. வழிநெடுகக் குலுங்கி வந்த எந்த மெஷினுக்கும் இது பொருந்தும்.

இனிக் குறைகள். பில் பெரிய குறை. முதலில் தந்த விலையில் கொழும்புக் கிடங்குக் கட்டணம் ஒரே வரியில் உத்தேசமாக இருந்தது. கடைசி பில்லில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. விளக்கம் கேட்டபோதுதான் சரக்கை விடுவிக்கும் பத்திரமான டெலிவரி ஓடரை எடுக்கத் தாமதமானதால் கிடங்கு வாடகை ஏறியது தெரிந்தது. தாமதம் அவர்கள் பக்கத்தில். இரண்டு மூன்று முறை பேசியபின் அதில் பாதியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டார்கள். முழுவதையும் ஏற்றிருக்க வேண்டும் என்பது இன்றும் என் கருத்து. எல்.சி.எல்.லில் கப்பல் கூலி மலிவாகத் தெரியும், கொழும்பில் இறங்கியபின் வருகிற கட்டணங்கள்தான் கழுத்தைப் பிடிக்கும். விலை கேட்கும்போதே அவற்றை வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, தமிழில் பேச அந்தத் தம்பி ஒருவர்தான். அவர் விடுமுறையில் நின்ற நாளில் சரக்கு எங்கே நிற்கிறது என்று கேட்கவே முடியவில்லை. எனக்குச் சிங்களம் ஓரளவு வரும், சமாளித்தேன். மூதூரில், கிண்ணியாவில் எத்தனையோ பேர் சின்னதாக அரிசி ஆலையும் மிளகாய் ஆலையும் நடத்துகிறார்கள், அவர்களில் எல்லோருக்கும் அது முடியாது. ஆவணங்களும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கிழக்கில் வேலை எடுக்கிறவர்கள் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது தர வேண்டும். இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன், பார்க்கிறோம் என்றார்கள்.

லொறி கொழும்பிலிருந்து கிளம்பியபின் அது எங்கே வருகிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. பூம் லொறிக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி ஓடிக்கொண்டிருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. சாரதியின் இலக்கத்தை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முழுக் கொள்கலன் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சேவை மலிவாக வராது, கொழும்பில் அதற்கென்றே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பெட்டியில், ஐந்தாறு வருடச் சேமிப்பைப் போட்டு முதல் மெஷின் எடுக்கிறவர்களுக்கு இவர்களைப்போல ஒருவர் வேண்டும். திருகோணமலை மாவட்டத்துக்குள் யாராவது பக்கிங் மெஷின் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஒரு பக்கக் குறிப்பை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். ஆங்கிலத்தில் இருப்பதையும் சேர்த்தே தருகிறேன், விற்பனையாளருக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.